சொந்த இடருக்குச் சொந்தப் பணம்: கெப்டிவ் காப்புறுதியும் கல்முனைக் கரையும்

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 2,70,000 தொன் மசகு எண்ணெய் ஏற்றிச் சென்ற ‘நியூ டயமண்ட்’ என்ற கப்பல் தீப்பற்றியது. இடம், அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே சுமார் 38 கடல் மைல். ஒரு மாலுமி இறந்தார். இலங்கை, இந்தியக் கடற்படையினரும் கரையோரக் காவற்படையினரும் பல நாட்கள் போராடித் தீயை அடக்கினார்கள். எண்ணெய்த் தாங்கிகள் உடையாததால் கரை தப்பியது. அவை உடைந்திருந்தால் பொத்துவில், அக்கரைப்பற்று, ஒலுவில், நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று நீளும் கரையில் வலையை நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனை மாதம் கடலுக்குப் போகாமல் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

அந்த ஆபத்தில் இரண்டு தரப்புகள் இருந்தன. ஒன்று, கப்பல் உரிமையாளர். மற்றொன்று, கரையிலிருந்த மீனவர். கடல் வாணிபம் செய்யும் பெரிய கப்பல்களின் உரிமையாளர்கள் இப்படிப்பட்ட நாளுக்கான பணத்தை எங்கிருந்து எடுப்பது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஏற்பாடு செய்துகொண்டவர்கள். கரையிலிருப்பவருக்கு அப்படி ஓர் ஏற்பாடு இன்றும் இல்லை. இந்தக் கட்டுரை அந்த ஏற்பாட்டைப் பற்றியது. தம் இடரின் ஒரு பகுதியைத் தாமே சுமக்க நிறுவனங்கள் சொந்தமாகக் காப்புறுதிக் கம்பனி வைத்துக்கொள்வது எப்படி, அதனால் யாருக்கு என்ன பயன், அது எங்கே தவறியது, சங்கம் வைத்து வாழப் பழகிய எமது கரைக்கு அதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பவையே இங்கு கேள்விகள்.

கப்பல்காரர்கள் கண்ட வழி

1855இல் பிரித்தானியக் கப்பல் உரிமையாளர்கள் ஒன்றுகூடி ஒரு பரஸ்பரப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மோதல், மாலுமியின் மரணம் போன்றவற்றால் தம்மீது விழும் பொறுப்பைச் சந்தைக் காப்புறுதியாளர்கள் முழுமையாக ஏற்க மறுத்ததே அதற்குக் காரணம். அந்த வழியில் வந்த கழகங்களில் 12 இன்று ஒரு சர்வதேசக் குழுவாக இயங்குகின்றன. உலகின் பெருங்கடல் கப்பல் கொள்ளளவில் ஏறத்தாழ 90 வீதத்தின் மூன்றாம் தரப்புப் பொறுப்பு இவற்றிடம் இருக்கிறது. 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கப்பலும் லண்டனிலுள்ள அத்தகைய ஒரு கழகத்தில்தான் பதிவாகியிருந்தது.

இக்கழகங்களுக்குப் பங்குதாரர் என்று தனியாக யாரும் இல்லை. காப்புப் பெறும் கப்பல்காரர்களே உரிமையாளர்கள். ஓர் இழப்பு வந்தால் முதல் 1 கோடி டொலரை அந்தக் கப்பலின் கழகம் தாங்கும். அதற்கு மேல் 10 கோடி டொலர் வரையானதைப் 12 கழகங்களும் பகிர்ந்துகொள்ளும். அதையும் தாண்டும் பகுதிக்கு உலகச் சந்தையில் கூட்டாக மீள்காப்புறுதி, அதாவது காப்புறுதியாளர் தமக்கே எடுக்கும் காப்புறுதி, வாங்கியிருக்கிறார்கள். சிறிய இழப்பு உள்வீட்டில், நடுத்தர இழப்பு கூட்டத்துக்குள், பேரிழப்பு வெளியே என்ற இந்த மூன்று படிகளே சொந்தக் காப்புறுதியின் முழு இரகசியமும். கட்டுரையின் மீதிப் பகுதி இந்தப் படிகளை யார் ஒழுங்காகக் கட்டினார்கள், யார் ஒரு படியைத் தவறவிட்டார்கள் என்பதன் கணக்குத்தான்.

கெப்டிவ் கம்பனி எப்படி இயங்குகிறது

ஒரு தொழில் நிறுவனம் தன் கட்டடம், வாகனம், ஊழியர் விபத்து, பொருட் பொறுப்பு ஆகியவற்றுக்குச் சந்தையில் காப்புறுதி வாங்குகிறது. அது கட்டும் பிரீமியத்தில் ஒரு பங்கே இழப்பீடாகத் திரும்பி வருகிறது. மிச்சம் முகவர் தரகு, நிர்வாகச் செலவு, காப்புறுதிக் கம்பனியின் இலாபம் என்று போகிறது. விபத்தைக் குறைக்க ஒழுங்காகச் செலவழிக்கும் நிறுவனமும் அலட்சியமாக நடக்கும் நிறுவனமும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் கட்டும் நிலையும் உண்டு. சில ஆபத்துகளுக்குச் சந்தை விலையே சொல்லாது. இந்த மூன்று குறைகளும் சேரும் இடத்தில், நிறுவனம் தனக்கென ஒரு காப்புறுதிக் கம்பனியைத் தொடங்குகிறது. அதற்கு மூலதனம் போடுகிறது, உரிமம் பெறுகிறது, பிரீமியத்தை அதற்கே கட்டுகிறது. அதுவே கெப்டிவ்.

1950களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஓர் எஃகுக் கம்பனிக்காக இந்த அமைப்பை வடிவமைத்தவர் பிரெட்ரிக் ரைஸ். உள்நாட்டுச் சட்டங்கள் பெரும் மூலதனம் கேட்டதால் 1960களில் அவர் பெர்முடாத் தீவுக்கு அதைக் கொண்டுபோனார். பிறகு கேமன் தீவுகள், குவெர்ன்சி, 1981இல் தனிச் சட்டம் இயற்றிய அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலம், ஆசியாவில் சிங்கப்பூர், மலேசியாவின் லபுவான் என்று களம் விரிந்தது. இன்று உலகில் 6,000க்கும் மேற்பட்ட கெப்டிவ்கள் இருக்கின்றன. சவூதி அரம்கோவுக்கு பெர்முடாவில் ‘ஸ்டெல்லர்’, மலேசியாவின் பெட்ரோனாஸுக்கு லபுவானில் ‘எனர்காஸ்’ என்று எண்ணெய்க் கம்பனிகளுக்கும் சொந்தக் காப்புறுதிக் கம்பனிகள் உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவமனைகள், மருத்துவத் தவறுகளுக்கான காப்புறுதி சந்தையில் எட்டாத விலைக்கு ஏறியபோது, 1976இல் கேமன் தீவுகளில் தமக்கென ஒன்றைத் தொடங்கின. அது பிரீமியம் சேர்ப்பதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வழக்கையும் பதிந்து ஆராய்ந்து, எந்தச் சிகிச்சையில் எந்தக் கட்டத்தில் தவறு நேர்கிறது என்று மருத்துவர்களுக்கே திருப்பிச் சொன்னது. தன் பணத்தில் நட்டஈடு கொடுப்பவனுக்குத்தான் விபத்தின் காரணத்தைத் தேடும் அக்கறை முழுமையாக வரும் என்பதற்கு இது நல்ல சான்று.

உரிமம் பெற்ற உள்நாட்டுக் காப்புறுதியாளரின் பத்திரம்தான் செல்லும் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. அங்கே ஓர் உள்நாட்டுக் கம்பனி தன் பெயரில் பத்திரத்தை எழுதிக்கொடுத்து, சிறு கட்டணம் எடுத்துக்கொண்டு, இடரைக் கெப்டிவுக்கு மீள்காப்புறுதியாக மாற்றிவிடும். தனிக் கம்பனி தொடங்க வலு இல்லாதவர்கள் பிறருடைய கெப்டிவுக்குள் ஓர் அறையை வாடகைக்கு எடுக்கவும் முடியும். ஓர் அறையின் கடன் மற்றொன்றைத் தொடாதபடி சட்டத்தால் பிரித்த அத்தகைய கம்பனி அமைப்பை 1997இல் குவெர்ன்சி முதலில் சட்டமாக்கியது.

எவ்வளவு சுமக்கலாம்

பிரிட்டிஷ் பெற்றோலியம் 1990களின் தொடக்கத்தில் எடுத்த முடிவு காப்புறுதிப் பாடநூல்களைத் தலைகீழாக்கியது. சிறிய இழப்புகளுக்கு வெளியே காப்புறுதி வாங்குவோம், 1 கோடி டொலருக்கு மேற்பட்ட பெரிய இழப்புகளை நாமே தாங்குவோம் என்று அந்தக் கம்பனி தீர்மானித்தது. எண்ணெய்த் தொழிலின் பேரிழப்புகளைச் சுமக்கும் வலு காப்புறுதிச் சந்தையைவிடத் தன் இருப்புநிலைக் குறிப்புக்கே அதிகம் என்பது அதன் வாதம். சிறு கோரிக்கைகளை விசாரித்துத் தீர்ப்பதில் உள்ளூர்க் காப்புறுதியாளர்களே திறமைசாலிகள் என்பது அதன் மறுபக்கம்.

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் அந்தக் கம்பனிக்காகக் கிணறு தோண்டிய ‘டீப்வோட்டர் ஹொரைசன்’ என்ற துளைமேடை வெடித்தது. குவெர்ன்சியில் பதிவாகியிருந்த கம்பனியின் கெப்டிவான ‘ஜூபிட்டர்’ ஒரு நிகழ்வுக்குத் தரக்கூடிய உச்சம் 70 கோடி டொலர். மொத்தச் செலவோ 6,500 கோடி டொலரைத் தாண்டியது. கம்பனி சொத்துகளை விற்றுப் பிழைத்தது. விற்க அத்தனை சொத்து இல்லாத நிறுவனம் அந்த முடிவை எடுத்திருந்தால் அன்றே அழிந்திருக்கும். எந்த அளவு இழப்பை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. அவரவர் வலுவே எல்லை.

கல்லோயாத் திட்டத்தின் நீரில் வேளாண்மை செய்யும் நமக்கு இது விளங்கும். குளக்கட்டு எவ்வளவு தாங்கும் என்று கணித்து, அந்த மட்டத்தில் வான் வைத்தால்தான் மேலதிக வெள்ளம் கட்டை உடைக்காமல் வெளியேறும். கெப்டிவின் மூலதனம் கட்டு, மீள்காப்புறுதி வான். வான் இல்லாமல் கட்டிய குளம் நல்ல மழைக்காலத்தில்தான் உடையும்.

இரண்டு பிழைகள்

இந்த ஏற்பாடு கெட்டுப்போகும் வழிகள் இரண்டு. முதலாவது, இடரே இல்லாமல் காப்புறுதி என்று பெயர் சூட்டுவது. நிறுவனம் தன் பெட்டியில் ஒதுக்கி வைக்கும் பணத்துக்கு அமெரிக்காவில் வரிக்கழிவு கிடையாது. காப்புறுதிக் கம்பனிக்குக் கட்டும் பிரீமியத்துக்கு உண்டு. ஆகவே கெப்டிவுக்குக் கட்டுவது உண்மையில் பிரீமியமா என்ற வழக்கு பல பதிற்றாண்டுகள் நடந்தது. இடர் கைமாற வேண்டும், பலரிடையே பரவவும் வேண்டும் என்று 1941இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளவுகோல் வைத்தது. இருந்தும் 2000களில் சிறு கெப்டிவ்கள் வரிதப்பும் கருவியாகப் பெருகின. அரிசோனாவில் நகைக்கடை நடத்திய ஒரு தம்பதி கரீபியன் தீவொன்றில் கெப்டிவ் தொடங்கிப் பயங்கரவாதத்துக்கு எதிராகக்கூடப் பெரும் பிரீமியம் கட்டிவந்தார்கள். வரி அதிகாரிகளின் விசாரணை தொடங்கும்வரை அந்தக் கம்பனியிடம் ஓர் இழப்பீட்டுக் கோரிக்கைகூட வரவில்லை. 2017இல் வரி நீதிமன்றம் அது காப்புறுதியே இல்லை என்று தீர்த்தது.

இரண்டாவது பிழை இதற்கு நேரெதிர். இடர் உண்மையாக இருக்கும், பணம் இருக்காது. தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இதற்கு உதாரணம். இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்குக் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதியிலிருந்து விலக்குத் தர அனுமதிக்கிறது. விபத்து நட்டஈட்டுக்கென ஒரு நிதியம் அமைத்துப் பராமரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆயிரக்கணக்கான பேருந்துகள் ஓடும் இடத்தில் இழப்பைத் தாமே தாங்குவது கணக்குப்படி நியாயமான முடிவு. ஆனால் விபத்தில் இறந்தவரின் மனைவி தீர்ப்பு வாங்கியும் பணம் வராமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும், கடைசியில் நீதிமன்ற ஊழியர் பேருந்து நிலையத்துக்கே வந்து பேருந்தை ஜப்தி செய்வதும் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தி. தாமே சுமப்போம் என்று சொல்லிவிட்டுப் பணத்தைத் தனியே பூட்டி வைக்காவிட்டால், இடரைச் சுமப்பது பாதிக்கப்பட்டவர்தான். கெப்டிவ் என்ற தனிக் கம்பனியின் பயன் இங்கேதான் தெரிகிறது. அதன் மூலதனத்தை நெருக்கடியில் சம்பளத்துக்கோ டீசலுக்கோ எடுக்க முடியாது. மேற்பார்வையாளர் கேள்வி கேட்பார்.

இலங்கை அரசின் சொந்தக் காப்பு

கெப்டிவ் என்ற பெயர் இல்லாமல் அந்த வேலையைச் செய்யும் அமைப்பு இலங்கையில் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, இலங்கையில் கலவர இடரை ஏற்க வெளிநாட்டு மீள்காப்புறுதியாளர்கள் பின்வாங்கினார்கள். சந்தை கைவிட்ட இடரை நாடே சுமக்க வேண்டியதாயிற்று. 1987இல் திறைசேரியின் கீழ் வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான நிதியம் உருவானது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இன்று அதை நடத்துகிறது.

அதே நிதியம் இயற்கை அனர்த்தத்துக்கும் ஒரு வான் திறந்தது. 2016 ஏப்ரலில் நாடு முழுவதற்குமாக 1,000 கோடி ரூபா வரையான காப்பை வெளிநாட்டு மீள்காப்புறுதிச் சந்தையில் வாங்கியது. அடுத்த மாதமே அரநாயக்க மண்சரிவும் களனி கங்கை வெள்ளமும் வந்தன. ஓர் அரசு தன் மக்களின் இடரை ஒன்றாகக் கட்டி உலகச் சந்தைக்கு எடுத்துச் செல்ல முடியும் என்பதை அந்த ஒப்பந்தம் காட்டியது.

ஆனால் கலவர நிதியம் எல்லாக் கடைக்கும் கைகொடுப்பதில்லை. தீக் காப்புறுதியோடு கலவர நீட்சிக்கும் தனியாகப் பணம் கட்டியவருக்கே அது திறக்கும். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம்களின் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் திகன, அடுத்த ஆண்டு மினுவாங்கொடையும் குருநாகல் மாவட்டமும். பத்திரம் இல்லாத சிறு கடைக்காரருக்கு எஞ்சியது அரசின் நட்டஈட்டு விண்ணப்பமும் ஊராரின் வசூலும்தான். இந்த நாட்டில் முஸ்லிம் வணிகருக்குக் கலவரம் கணக்கில் எடுத்தே ஆகவேண்டிய இடர் என்பதை இதற்கு மேல் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கரையின் சங்கங்கள்

கல்முனைக் கரையில் ஒருவர் இறந்தால் குடும்பம் தனியே செலவழிப்பதில்லை. பள்ளிவாசல் மஹல்லாவை ஒட்டிய ஜனாஸா நலன்புரிச் சங்கங்கள் கபன் துணி முதல் கப்றுக் குழி வரை பொறுப்பெடுக்கும். மாதச் சந்தா சிறிது, இழப்பின் அளவு தெரிந்தது, ஆண்டுக்கு எத்தனை என்று ஏறத்தாழ கணிக்கலாம். காப்புறுதிக் கணிதத்தின் மூன்று நிபந்தனைகளும் அங்கே பூர்த்தியாகின்றன. அதனால்தான் அந்தச் சங்கங்கள் தலைமுறை தாண்டி நிற்கின்றன. சிங்களக் கிராமங்களில் மரண உதவிச் சங்கங்களும் சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கங்களும் இதே அடிப்படையில் வளர்ந்தன. அந்தக் கடனுதவுச் சங்கங்களின் சணச இயக்கம் மரண உதவித் திட்டம் ஒன்றில் தொடங்கி, உரிமம் பெற்ற காப்புறுதிக் கம்பனி வரை உயர்ந்தது. அடித்தளம் ஒன்று. அவர்கள் ஏறிய படியில் நாம் இன்னும் ஏறவில்லை.

படகுக்கும் தறிக்கும் கடைக்கும் அதே முறை ஏன் வரவில்லை? இதற்கு விடை 2004 டிசெம்பர் 26இல் இருக்கிறது. இலங்கையில் சுனாமியால் இறந்த ஏறத்தாழ 35,000 பேரில் 10,000க்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். எந்த மாவட்டத்திலும் அத்தனை பேர் இறக்கவில்லை. நாட்டின் சொத்தழிவு ஏறத்தாழ 100 கோடி டொலர் என்று மதிப்பிட்டார்கள். கல்முனையில் சங்கத் தலைவர், பொருளாளர், அங்கத்தவர், கணக்குப் புத்தகம் எல்லாமே ஒரே அலையில் போன இடங்கள் இருந்தன. எல்லோரும் ஒரே நாளில் கேட்கும் சங்கத்தால் யாருக்கும் கொடுக்க முடியாது. 1978 நவம்பர் சூறாவளியும் 2011 ஜனவரி வெள்ளமும் சொன்னதும் அதையே. சங்கம் தவறவில்லை. அதற்கு வான் இல்லை.

ஒரு கணக்கு

விளக்கத்துக்காகக் கற்பனையான ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். 200 பைபர் படகுகள், இயந்திரமும் வலையும் சேர்த்து ஒவ்வொன்றும் 10 இலட்சம் ரூபா. மொத்தம் 20 கோடி. சாதாரண ஆண்டில் சராசரியாக 4 படகுகள் அழியும் என்றால் எதிர்பார்க்கும் இழப்பு 40 இலட்சம். படகுக்கு 20,000 ரூபா. வெளிக் கம்பனி படகுக்கு 35,000 கேட்கிறது. மொத்தம் 70 இலட்சம்.

படகுகள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே அழிகின்றன என்றால், ஓர் ஆண்டில் 8க்கு மேல் அழியும் வாய்ப்பு நூற்றில் இரண்டுதான். ஆகவே 80 இலட்சம் வரை சங்கம் தாங்கலாம் என்று எல்லை வைக்கலாம். அங்கத்தவரிடம் அதே 35,000ஐ வாங்குவோம். 80 இலட்சத்துக்கு மேற்பட்ட முழு இழப்புக்கும் வெளியே காப்பு வாங்க 20 இலட்சம், நிர்வாகத்துக்கு 5 இலட்சம் என்று வைத்தால், மீதி 45 இலட்சம். சராசரி ஆண்டில் 40 இலட்சம் கொடுத்து 5 இலட்சம் மிஞ்சும். முதல் ஆண்டே 8 படகுகள் போனால் 35 இலட்சம் குறையும். அதைத் தாங்கத் தொடக்கத்திலேயே படகுக்கு 17,500 ரூபா மூலதனம் போட வேண்டும். இதில் மாயம் எதுவும் இல்லை. நல்ல ஆண்டின் மிச்சம் வெளியே போகாமல் உள்ளே நிற்கிறது, அவ்வளவுதான். ஆண்டுகள் சேரச் சேர அதுவே கட்டை உயர்த்தும்.

சங்கம் சிறிதானால் என்ன ஆகும்? 200 படகுச் சங்கத்தில் சராசரியின் இரு மடங்கோ அதற்கு மேலோ இழப்பு வரும் ஆண்டுகள் நூற்றில் ஐந்து. 20 படகு மட்டும் உள்ள சங்கத்தில் சராசரி 0.4 படகு. அங்கே இரண்டு படகு போவது சராசரியின் ஐந்து மடங்கு, அவ்வளவோ அதற்கு மேலோ போவது நூற்றில் ஆறு ஆண்டுகளில் நேரும். ஆள் குறையக் குறைய ஆட்டம் பெரிதாகும். ஊருக்கு ஒன்று, துறைக்கு ஒன்று என்று சங்கத்தை உடைப்பது கணக்குக்கு எதிரானது.

இந்தக் கணக்கின் உயிர், படகுகள் தனித்தனியே அழிகின்றன என்ற ஒரு வரியில் இருக்கிறது. சூறாவளி அந்த வரியை அழித்துவிடும். அந்த நாளில் 8 என்பது 200 ஆகும், 80 இலட்சம் 20 கோடி ஆகும். கல்முனையோடு மருதமுனையையும் நிந்தவூரையும் சேர்ப்பதால் ஆள் கூடும். ஆனால் அலை ஒன்றுதான். கற்பிட்டி, பேருவளை, மன்னார், அம்பாந்தோட்டை மீனவரோடு சேர்ந்தால்தான் இடர் உண்மையில் பரவும். அதற்கு இனமும் மொழியும் தடையாகக்கூடாது. மேற்குக் கரையின் கத்தோலிக்க மீனவரும் தெற்கின் சிங்கள மீனவரும் நம்மோடு ஒரே நிதியத்தில் இருப்பது நல்லெண்ணத்துக்காக மட்டும் வேண்டியதில்லை. அது கணக்கின் கட்டாயம்.

மார்க்கமும் சட்டமும்

வழமையான காப்புறுதியில் நிச்சயமின்மையும் வட்டியும் கலந்திருப்பதால் நம்மில் பலர் அதை நெருங்குவதில்லை. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, வணிகக் காப்புறுதியை மறுத்து, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்புறுதியை ஏற்றது. அதற்கு முன்பே 1979இல் சூடானில் இஸ்லாமியக் காப்புறுதிக் கம்பனி தொடங்கியது. மலேசியா 1984இல் தகாஃபுல் என்ற இந்த இஸ்லாமியக் காப்புறுதிக்குச் சட்டம் இயற்றியது. இலங்கையில் 1999இல் அமானா தகாஃபுல் வந்தது.

தகாஃபுலில் அங்கத்தவர் கட்டுவது தபர்ரு, அதாவது ஒருவருக்கொருவர் உதவத் தரும் நன்கொடை. நிதியம் அங்கத்தவருடையது. நடத்தும் கம்பனி கூலிக்கு நடத்துகிறது. மிஞ்சினால் அங்கத்தவருக்குத் திரும்பலாம், குறைந்தால் நடத்துபவர் வட்டியில்லாக் கடன் தருவார். காப்புப் பெறுவோரே உரிமையாளராக இருக்கும் கூட்டுக் கெப்டிவும் உடைமை விஷயத்தில் இதற்கு மிக அருகே நிற்கிறது. பணத்தை வட்டியில் போடாமலும் மீள்காப்பை மீள்தகாஃபுல் வழியே வாங்கியும் நடத்தினால் இடைவெளி இன்னும் குறையும். மார்க்க அறிஞர்களும் கணக்கறிஞர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து தீர்க்கவேண்டிய நுட்பங்கள் உண்டு. தீர்க்க முடியாதவை என்று அவற்றை ஒதுக்குவதற்குக் காரணம் இல்லை.

சட்டத்தில் வேறு தடை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு பெற்ற கம்பனியே காப்புறுதித் தொழில் செய்யலாம். அதற்குக் குறைந்தது 50 கோடி ரூபா மூலதனம் வேண்டும். 200 படகுக்காரர் அந்த வாசலில் நிற்கவே முடியாது. சங்கம் ஒன்று உரிமமின்றிக் காப்புப் பத்திரம் விற்கவும் கூடாது. ஆனால் சட்டத்துக்குள்ளேயே நடக்கக்கூடிய வழி உண்டு. ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒரு காப்புறுதி அல்லது தகாஃபுல் கம்பனியோடு மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒரே கூட்டுப் பத்திரம் பேசலாம். ஆண்டு இழப்பில் குறித்த தொகை வரை சங்கம் தன் சேமிப்பிலிருந்து தாங்கும், அதற்கு மேல் கம்பனி தாங்கும் என்று எழுதிக்கொள்ளலாம். முதற்படியைச் சங்கம் சுமப்பதால் பிரீமியம் குறையும். படகைக் கவனமாக வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறையும் சங்கத்துக்குள்ளேயே பிறக்கும். மருதமுனை நெசவாளரும் கல்முனை பஸார் வர்த்தகரும் தீக்கும் கலவரத்துக்கும் இதே வழியில் போகலாம். கலவர நீட்சியைச் சேர்க்காத பத்திரத்தில் சங்கம் கையெழுத்திடக்கூடாது.

இதற்கு இன்று தேவையானவை மூன்று. முதலாவது பதிவேடு. எந்த ஆண்டு, எந்தத் துறையில், எத்தனை படகு, என்ன காரணம், எவ்வளவு இழப்பு என்று பத்து ஆண்டுக் கணக்கு இல்லாமல் எந்தக் கம்பனியும் நியாயமான விலை சொல்லாது. அதை எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. இரண்டாவது, பூட்டிய நிதி. சங்கத் தலைவர் மாறினாலும் தேர்தல் வந்தாலும் தொடமுடியாதபடி, வெளியார் கணக்காய்வோடு தனி வைப்பில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பேருந்துகளின் கதை நமக்கு வேண்டாம். மூன்றாவது, கரையைத் தாண்டிய கூட்டு. இவற்றோடு, சிறு கூட்டுக் காப்பு நிதியங்களுக்குக் குறைந்த மூலதனத்தில் தனி உரிமம் தரும் சட்டத்தைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் கேட்க வேண்டும்.

நிவாரணம் கிடைக்கும் என்று காத்திருப்பதும் ஒருவகை இடர் முகாமைதான். ஆனால் அதில் எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று தீர்மானிப்பவர் வேறு ஆள். உலகின் கப்பல்காரர்களும் எண்ணெய்க் கம்பனிகளும் மருத்துவமனைகளும் அந்தத் தீர்மானத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். சிறிய இழப்பைக் கூடித் தாங்க எமது கரைக்குத் தெரியும். பெரிய இழப்பை வெளியே அனுப்பும் ஏற்பாட்டை விலைகொடுத்து வாங்குவதுதான் மிச்சமிருக்கும் வேலை. அதைச் சுனாமி நினைவுநாள் உரைகளில் தேடுவதில் பயனில்லை. அடுத்த சங்கப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது முதல் விடயமாக வரட்டும்.